வளைக்குள் போன டரான்டுலா: தோண்டாமல் பார்ப்பது எப்படி

"ஏன்டா, டப்பாவுல வெறும் மண்ணுதான் இருக்குது. அது உசுரோடதான் இருக்குதா?"

டரான்டுலா என்கிற பெரிய முடிச் சிலந்தியை வளர்க்கிற வீட்டில் இந்தக் கேள்வி வராத மாதமே கிடையாது. கேட்பது அம்மாவாக இருக்கலாம், பக்கத்து போர்ஷன் அக்காவாக இருக்கலாம். பல நேரம் வளர்ப்பவரே மனசுக்குள் கேட்டுக்கொண்டிருப்பார். வாங்கி வந்த முதல் வாரம் வெளியே உட்கார்ந்திருந்த சிலந்தி ஒருநாள் மண்ணைத் தோண்டிக்கொண்டு உள்ளே போகிறது. பத்து நாள், இருபது நாள், ஒன்றரை மாதம் ஆகியும் கால்நுனிகூடக் கண்ணில் படுவதில்லை. அப்புறம் ஒரு காலையில் பார்த்தால் வளையின் வாசலே இல்லை. மண்ணும் நூலும் வைத்து அடைத்திருக்கிறது. அந்தக் கட்டத்தில்தான் ஸ்பூனை எடுத்துத் தோண்டிப் பார்க்கலாமா என்று கை பரபரக்கும்.

தோண்டாதீர்கள். வளை மூடியிருப்பது பெரும்பாலும் நல்ல செய்தி. உள்ளே நடக்கிற காரியம் தொந்தரவு இல்லாமல் நடக்க வேண்டும் என்றுதான் சிலந்தி கதவைச் சாத்துகிறது. தோண்டாமலே உள்ளே என்ன நிலைமை என்று தெரிந்துகொள்ள வெளியில் எத்தனையோ அடையாளங்கள் உண்டு. அவற்றைப் படிக்கத் தெரிந்தால் போதும்.

முதலில் உங்களிடம் இருப்பது எந்த இனம் என்று தெரிய வேண்டும். கோபால்ட் ப்ளூ என்று விற்கப்படும் சிரியோபாகோபஸ் லிவிடஸ், மேற்குத் தொடர்ச்சி மலையின் கைலோபிராக்கிஸ் ஃபிம்ப்ரியேட்டஸ் போன்றவை வாழ்நாள் முழுக்க வளையில் இருப்பவை. இரவில் வாசல் வரை வருவதே அவற்றுக்கு வெளியூர்ப் பயணம் மாதிரி. மெக்சிகோ ரெட் நீ, கர்லி ஹேர் வகைகள் வளர்ந்தபின் வெளியேயும் நன்றாக உட்காரும். ஆனால் குட்டியாக இருக்கும்போது, அதாவது ஸ்லிங் பருவத்தில், அவையும் மண்ணுக்குள்தான். ரோஸ் ஹேர் இன்னொரு ரகம். சாப்பிடாமல் மாதக்கணக்கில் இருக்கும், ஒரு வருடத்தைத் தாண்டிப் பட்டினி கிடந்ததும் உண்டு, ஒன்றும் ஆகாது. மரப்பொந்தில் வாழும் போசிலோதீரியாவுக்கு இங்கே சொல்வதில் பாதி பொருந்தாது. ஆனால் நம் ஊர்க்காரர்கள் அதைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ளலாம். போசிலோதீரியா ரீகாலிஸ் அறிவியல் உலகுக்கு அறிமுகமானது 1899ல், அரக்கோணத்தில் கிடைத்த சிலந்தியை வைத்துத்தான். அதே ஆண்டு அதன் நீல நிறச் சொந்தமான போசிலோதீரியா மெட்டாலிக்கா, ஆந்திராவின் குத்தியில் கிடைத்ததை வைத்து விவரிக்கப்பட்டது. இரண்டு ஊருமே நம் சென்னை சென்ட்ரலிலிருந்து மும்பைக்குப் போகிற ரயில் பாதையில் இருக்கின்றன.

வளையை அடைப்பதற்கு முதல் காரணம் தோல் உரிப்பு. ஸ்லிங் ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒருமுறை உரிக்கும். வளர்ந்த பெண் சிலந்திக்கு வருடத்துக்கு ஒருமுறை, சில சமயம் அதைவிட அதிக இடைவெளி. உரிப்பதற்குச் சில வாரம் முன்பிருந்தே சாப்பாட்டை நிறுத்தும். வயிறு திராட்சை மாதிரி உப்பி மினுமினுக்கும். நிறம் மங்கும். அமெரிக்கக் கண்டத்து இனங்களில் வயிற்றின் மேல் முடி உதிர்ந்த வழுக்கை இருந்தால், அந்த இடம் கறுத்துப் பளபளக்கும். உள்ளே புதுத் தோலும் புது முடியும் தயாராகிவிட்டன என்று அர்த்தம். இந்த அறிகுறிகளை வளை மூடுவதற்கு முன்பே குறித்து வைத்திருந்தால் பாதிக் கவலை போய்விடும். அதனால் எங்கள் பக்கம் வளர்ப்பவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வது: டப்பா மேல் ஒரு மாஸ்கிங் டேப் ஒட்டி, கடைசியாகச் சாப்பிட்ட தேதி, வளை மூடிய தேதி, கடைசியாக உரித்த தேதி மூன்றையும் எழுதுங்கள். மூன்று தேதி இருந்தால், "ரொம்ப நாளாச்சு" என்ற பயம் "நாற்பத்தோரு நாளாச்சு" என்று கணக்காக மாறும்.

மற்ற காரணங்களும் உண்டு. புது டப்பாவுக்கு வந்து பழகாதது, வயிறு நிறைந்திருப்பது, மேல் மண் காய்ந்து அடியில் மட்டும் ஈரம் இருப்பது, வெயில், அதிர்வு. பெண் சிலந்தி ஆணோடு சேர்ந்திருந்தால் முட்டைப் பையோடு உட்கார்ந்திருக்கலாம்.

இப்போது தோண்டினால் என்ன ஆகும் என்று பார்ப்போம். உரிக்கிற நேரத்தில் சிலந்தி பெரும்பாலும் மல்லாந்து படுத்திருக்கும். பழைய ஓட்டிலிருந்து எட்டுக் காலையும், நச்சுப்பற்களையும், உணவுக்குழாயின் உள்தோலைக்கூட ஒவ்வொன்றாக உருவி எடுக்கும். அந்த நேரத்தில் உடம்பு கொழுக்கட்டை மாவு மாதிரி மெத்தென்று இருக்கும். மேலே மண் சரிந்தாலோ ஸ்பூன் பட்டாலோ கால் மாட்டிக்கொள்ளும், கோணிப்போகும், தோல் கிழிந்து உடல் நீர் ஒழுகும். ரத்தம் உறைகிற மாதிரி அது சட்டென்று நிற்பதில்லை. மல்லாந்து கிடப்பதைச் சாவு என்று நினைத்துத் திருப்பிப் போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சாகிற சிலந்தி மல்லாந்து படுப்பது அபூர்வம். அது குப்புற இருந்தபடியே கால்களை உள்ளே மடக்கும், மூடின கை மாதிரி. காரணம் எளிது. சிலந்தியின் காலில் முக்கியமான மூட்டுகளை மடக்கத் தசை உண்டு, நீட்டத் தசை கிடையாது. உடல் நீரை அழுத்தி உள்ளே தள்ளித்தான் காலை நீட்டுகிறது. உடம்பில் நீர் வற்றினாலோ உயிர் போனாலோ அழுத்தம் இறங்கிக் கால்கள் தானாகச் சுருங்கும். ஆகவே மல்லாந்து கால் விரிந்திருந்தால் கதவைச் சாத்திவிட்டுப் போய்விடுங்கள். குப்புற இருந்து கால் மடங்கியிருந்தால் தண்ணீர் பிரச்சினையா என்று யோசியுங்கள்.

தோண்டாமல் பார்க்கிற வழிகளில் எங்களுக்குப் பிடித்தது ஈர்க்குச்சி. தென்னந்துடைப்பத்திலிருந்து ஒரு குச்சியை உருவி, 2 செ.மீ. நீளத்துக்கு மூன்று துண்டு நறுக்கிக்கொள்ளுங்கள். பூச்சி மருந்து பட்ட துடைப்பமாக இருக்கக் கூடாது. இரவு படுக்கப் போகும் முன் நீளமான இடுக்கியால் வளை வாசலில் குறுக்கும் நெடுக்குமாக வையுங்கள், அழுத்த வேண்டாம். காலையில் பாருங்கள். குச்சி தள்ளிக் கிடந்தாலோ, உள்ளே இழுக்கப்பட்டிருந்தாலோ, நூலால் சுவரோடு ஒட்டப்பட்டிருந்தாலோ ஆள் உள்ளே நலம். பல சிலந்திகள் இந்தக் குச்சியையே வாசலுக்கு நிலைப்படி மாதிரிக் கட்டிவிடும். ஒரு வாரம் வரை குச்சி அசையவில்லை என்றால் அதிலிருந்து எதுவும் முடிவு செய்யாதீர்கள். உரிப்புக்கு முந்தின சிலந்தி வாசலுக்கே வராது. குச்சி அசைந்தால் உயிர் உண்டு என்று அர்த்தம். அசையாவிட்டால் உயிர் இல்லை என்று அர்த்தமில்லை.

அடுத்தது தண்ணீர்க் கிண்ணம். தோண்டின மண்ணைக் கொண்டுவந்து கிண்ணத்தில் கொட்டுவது டரான்டுலாவின் வழக்கம். சுத்தம் செய்து வைத்த கிண்ணத்தில் மறுநாள் மண் இருந்தால் உள்ளே வீட்டு வேலை நடக்கிறது. கிண்ணத்திலோ மூலையிலோ கறுப்பாக, மிளகைவிடச் சற்றுப் பெரியதாக ஒரு உருண்டை கிடந்தால் அது சாப்பிட்டுத் துப்பிய மிச்சம். வெள்ளையாகச் சுண்ணாம்புத் தெளிப்பு மாதிரி கண்ணாடியில் பட்டிருந்தால் அது கழிவு. புது நூலுக்கும் பழைய நூலுக்கும் வித்தியாசம் தெரியும். புது நூல் வெள்ளையாக, டார்ச் அடித்தால் மின்னும். பழையது தூசியும் தேங்காய் நார்த்துகளும் படிந்து பழுப்பாக இருக்கும். வாரம் ஒருமுறை ஒரே கோணத்தில் போனில் ஒரு படம் எடுத்து வைத்தால், போன வாரப் படத்தோடு ஒப்பிட்டாலே மண்மேடு எங்கே கூடியிருக்கிறது என்று தெரிந்துவிடும். கண்ணுக்குத் தப்பியது படத்தில் தப்பாது.

தீனி வைத்தும் பார்க்கலாம், ஆனால் கவனம் வேண்டும். கொளத்தூர் மீன் கடைகளில் அரோவானாவுக்கு விற்கிற சூப்பர்வார்ம் ஒன்றை எடுத்து, தலையை நசுக்கி, இரவு 9 மணிக்கு வாசலில் வைத்துவிட்டுக் காலை 7 மணிக்குப் பாருங்கள். போயிருந்தால் சிலந்தி எடுத்திருக்கிறது. அப்படியே இருந்தால் உடனே வெளியே எடுத்துப் போடுங்கள். தலையை நசுக்காமல் போட்டால் சூப்பர்வார்ம் மண்ணுக்குள் இறங்கிவிடும். உரிக்கிற நிலையில் மெத்தென்று கிடக்கும் சிலந்தியை அது கடித்துத் தின்னும். வெட்டுக்கிளியும் சில்வண்டும் அப்படியே. மூடியிருக்கிற வளைக்குத் தீனிச் சோதனையே வேண்டாம். வீட்டுக் கரப்பான் பூச்சியைப் பிடித்துப் போடுவது எந்த நாளும் வேண்டாம், அது எந்த வீட்டு மருந்தைத் தின்றுவிட்டு வந்ததோ தெரியாது.

கண்ணால் பார்க்கவே வேண்டும் என்றால் இரவு 10 மணிக்கு மேல், தெரு அடங்கினபின் பாருங்கள். போன் டார்ச் மேல் சிவப்பு செலோபேன் தாளை நாலாக மடித்து ரப்பர் பேண்ட் போடுங்கள். சிவப்பு வெளிச்சம் சிலந்திக்கு அவ்வளவாக உறைக்காது. மூடியைத் திறக்க வேண்டாம். கையை டப்பாவில் ஊன்றவும் வேண்டாம், விரல் பட்டாலே உள்ளே அதிர்வு போகும். வெளிச்சத்தை நேராக வளைக்குள் அடிக்காமல் பக்கவாட்டிலிருந்து மண்மேல் தவழ விடுங்கள். ஐந்து நிமிடம் அசையாமல் நின்றால், வாசலின் விளிம்பில் முதலில் தெரிவது காலாக இருக்காது. நூல்மேல் ஒரு சின்ன நிழல் மாதிரி இருக்கும். உற்றுப் பார்த்தால் அது இரண்டு கால்நுனி, அடியில் வெல்வெட் மாதிரிப் பஞ்சு, விளிம்பு நூலைத் தொட்டும் தொடாமலும் வைத்திருக்கும். பக்கத்தில் இன்னும் குட்டையாக ஒரு ஜோடி தெரிந்தால் அது உணர்கொம்புக் கால். அந்த நுனி நூலைத் தொட்டுக்கொண்டிருக்கிறவரை சிலந்தி விழித்திருக்கிறது, பசியோடும் இருக்கலாம். நீங்கள் மூச்சு விட்டால்கூடச் சட்டென்று உள்ளே போய்விடும். அன்றைக்கு அவ்வளவுதான், விட்டுவிடுங்கள்.

ரிச்சி தெருவில் விற்கிற போனோடு இணைக்கும் எண்டோஸ்கோப் கேமராவை வாங்கி வளைக்குள் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். 5.5 மி.மீ. தலை உள்ளதானால் பெரிய சிலந்தியின் வளையில் நுழையும். கேமராவின் எல்இடி வெளிச்சத்தை ஆகக் குறைந்த அளவில் வைத்து, வாசலிலிருந்து 2 செ.மீ.க்கு மேல் இறக்காதீர்கள். நூல் திரை இருந்தால் கிழிக்காதீர்கள். மூடின வளைக்கு இது கூடவே கூடாது. ஆசிய, ஆப்பிரிக்க இனங்கள் கேமராவைத் தாக்கும், அல்லது கம்பிமேலேயே ஓடி உங்கள் கைக்கு வரும். எங்கள் அபிப்பிராயத்தில் எண்டோஸ்கோப்புக்குப் போடும் காசை, அடுத்த முறை டப்பாவைச் சரியாக அமைப்பதில் போடலாம்.

அமைப்பு சரியாக இருந்தால் வளை கண்ணாடியோரம் வரும், தோண்டுகிற கேள்வியே எழாது. கால் விரிப்பு 12 முதல் 15 செ.மீ. உள்ள சிலந்திக்கு 30 × 20 செ.மீ. அடிப்பரப்பும் 35 செ.மீ. உயரமும் உள்ள கண்ணாடி அல்லது அக்ரிலிக் தொட்டி போதும். அதில் 20 செ.மீ. ஆழத்துக்கு மண் போட 12 லிட்டர் தேவை. தேங்காய் நார்த்தூள் 7 லிட்டர், சலித்த செம்மண் 4 லிட்டர், ஆற்று மணல் 1 லிட்டர். 650 கிராம் நார்த்தூள் கட்டி ஒன்று ஊறினால் சுமார் 8 லிட்டர் வரும். கட்டியை இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழியுங்கள், உப்பு இறங்க வேண்டும். மாடித்தோட்டக் கடையில் "ரெடி மிக்ஸ்" என்று வாங்கினால் அதில் வேப்பம் புண்ணாக்கும் உரமும் கலந்திருக்கும். செடிக்கு நல்லது, சிலந்திக்கு ஆகாது. காசிமேடு, திருவொற்றியூர் கடற்கரை மணலும் உப்பு. எம்-சாண்டின் கூரான விளிம்பும் வேண்டாம். கலவையின் பதம் பிடி கொழுக்கட்டை மாதிரி, கையில் பிடித்தால் நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் சொட்டக் கூடாது. 5 செ.மீ.க்கு ஒருமுறை கையால் நன்றாக அழுத்துங்கள். பொலபொலவென்று போட்ட மண்ணில் வளை நிற்காது. மண்மட்டத்துக்கும் மூடிக்கும் நடுவே 15 செ.மீ.தான் இடைவெளி, அதைக் கூட்ட வேண்டாம். மேலிருந்து விழுந்தால் வயிறு வெடிக்கும்.

இப்போது ஒன்றரை இஞ்ச் பிவிசி பைப்பைக் கண்ணாடிச் சுவரை ஒட்டி, 45 டிகிரி சாய்வாக, அடி வரை செருகித் திருகி வெளியே எடுங்கள். சுவரோரம் ஒரு சுரங்கம் தயார். வாசலில் பாதி புதைத்த ஓட்டுத் துண்டோ மரப்பட்டையோ வையுங்கள். வெளிப்பக்கக் கண்ணாடியில் கறுப்புச் சார்ட் தாளை மேல் விளிம்பில் மட்டும் டேப் ஒட்டித் தொங்கவிடுங்கள். வாரம் ஒருமுறை மெதுவாகத் தாளைத் தூக்கி ஐந்து விநாடி பார்த்துவிட்டு மூடினால் போதும். தாள் இல்லாமல் எப்போதும் வெளிச்சம் விழுந்தால், சிலந்தி அந்தக் கண்ணாடியை மண்ணும் நூலும் பூசி மறைத்துவிடும், அல்லது வேறு பக்கம் தோண்டும். சில சிலந்திகள் நாம் போட்டுக் கொடுத்ததை விட்டு நடுவிலேதான் தோண்டும். அதற்கு ஒன்றும் செய்வதற்கில்லை.

தண்ணீர் விஷயத்தில் ஒரு தப்பு அடிக்கடி நடக்கிறது. வெளியே வரட்டும் என்று வளைக்குள்ளேயே தண்ணீர் ஊற்றுவது. உரிக்கிற சிலந்தி மூழ்கும். அதன் நுரையீரல் வயிற்றின் அடிப்பக்கம் இருக்கிறது, மல்லாந்து கிடந்தாலும் தண்ணீர் தேங்கினால் தப்பாது. ஈரம் தேவைப்படும் இனத்துக்கு, வளைக்கு எதிர் மூலையில் ஒரு ஸ்ட்ராவை அடி வரை செருகி, அதன் வழியாக வாரம் 50 மி.லி. ஊற்றுங்கள். அடி மண் ஈரமாகும், மேல் மண் காய்ந்திருக்கும். வட சென்னையில் போர் தண்ணீர் பல இடத்தில் உப்பு, கிண்ணத்தில் வெள்ளையாகப் படியும். கேன் தண்ணீரே ஊற்றுங்கள்.

சிலந்தி வளைக்குள்ளேயே கிடப்பதற்கு நம் ஊர்க் காரணங்கள் தனியாக உண்டு, வெளிநாட்டுக் குறிப்புகளில் அவை இருக்காது. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி போகும்போது தரை அதிர்வதை நம் காலே உணரும். உடம்பெல்லாம் அதிர்வை உணரும் முடியும் நுண்ணிய பிளவுமாக இருக்கிற பிராணிக்கு எப்படி இருக்கும்? கொருக்குப்பேட்டை பக்கம் ரயில், ஆடி மாதம் முழுக்க அம்மன் கோயில் ஸ்பீக்கர், அதே பலகையில் ஃபிரிட்ஜ். டப்பாவுக்கு அடியில் ஒரு இஞ்ச் தெர்மோகோல், அதன்மேல் பழைய யோகா பாய்த் துண்டு போட்டால் நிறையக் குறையும். ஆடி மாதம் வளை மூடினால் முதலில் ஸ்பீக்கர் கோபுரம் எந்தப் பக்கம் என்று பாருங்கள்.

வெயில் இன்னொன்று. கத்திரி வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட மாடி அறை சிலந்திக்குக் கொல்லன் உலைதான். 35 டிகிரிக்கு மேல் பல மணி நேரம் நீடித்தால் ஆபத்து. வளையின் அடியில் வெப்பம் குறைவு என்பதால்தான் அது இறங்கிப் போகிறது, அதை மேலே வரவழைக்க முயல்வது கொடுமை. மே மாதம் டப்பா தரையோரம், உள் சுவரை ஒட்டி இருக்க வேண்டும். கார்த்திகையில் அதே டப்பா தரையில் இருக்கக் கூடாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வீட்டுக்குள் தண்ணீர் ஏறின தெருக்கள் எத்தனை என்று வியாசர்பாடி, புளியந்தோப்புக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மழை எச்சரிக்கை வந்தால் பரண்மேல் ஏற்றி, மூடியைச் சுற்றி டேப் ஒட்டிவிடுங்கள். தூக்கும்போது சாய்க்கக் கூடாது, வளை இடியும். ஹீட் மேட் என்று ஒன்று விற்பார்கள். மார்கழிக் குளிரிலும் சென்னையில் அது தேவையே இல்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய எதிரி பூச்சி மருந்து. மாநகராட்சிப் புகை வண்டி தெருவுக்குள் வரும் சத்தம் கேட்டதும் ஜன்னலைச் சாத்தி, டப்பாவை உள் அறைக்கு நகர்த்தி, ஈரத் துணியை மூடிமேல் போடுங்கள். ஒரு மணி நேரம் கழித்துத் துணியை எடுத்துக் காற்றோட்டம் விடுங்கள். கொசுவர்த்தி, பிளக்கில் செருகும் திரவம், கரப்பான் ஸ்ப்ரே, எறும்புச் சாக்பீஸ் எதுவும் அந்த அறையில் கூடாது. சிலந்தியும் பூச்சி மாதிரியே இந்த மருந்துகளுக்குச் சாகும். விஷம் பட்ட சிலந்தி வளையைவிட்டு வெளியே வந்து, கால் நடுங்கி, ஒன்றோடொன்று பின்னி, குடித்தவர் மாதிரி நடக்கும். மாதக்கணக்கில் உள்ளே இருந்தது திடீரென்று பகலில் வெளியே வந்தால் சந்தோஷப்படாமல் அந்த நடையைக் கவனியுங்கள். கொசுவுக்கு வலை கட்டிக்கொள்வதே வழி. எறும்புக்குச் சாக்பீஸ் வேண்டாம், சமையலறையில் சர்க்கரை டப்பாவுக்குச் செய்வதையே செய்யுங்கள்: பெரிய தட்டில் தண்ணீர், நடுவில் செங்கல், அதன்மேல் டப்பா. தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் தேய்க்கும் திரவம் விட்டால் எறும்பு மிதந்து கடக்காது. டப்பா சுவரில் ஒட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வளையை வெளியிலிருந்தே படிக்கலாம் என்பதற்குப் பெரிய சாட்சி ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. பார்பரா யார்க் மெய்ன் என்ற ஆய்வாளர் 1974ல் மேற்கு ஆஸ்திரேலியக் காட்டில் கதவுச் சிலந்திகளின் வளைகளுக்கு எண் போட்டுக் கண்காணிக்கத் தொடங்கினார். 16ஆம் எண் சிலந்தி 43 வருடம் அதே வளையில் வாழ்ந்தது. 2016ல் அது இல்லை என்று தெரிந்ததும் தோண்டிப் பார்த்து அல்ல. வளையின் மூடியில் குளவி துளைத்த ஓட்டை இருந்தது, வளை பராமரிப்பில்லாமல் கிடந்தது. உயிருள்ள சிலந்தி வாசலைப் பழுதாக விடாது. நம் டப்பாவுக்கும் அதே கணக்குதான்.

ஆனால் தோண்டியே ஆக வேண்டிய நேரமும் வரும். அழுகின நாற்றம் முதல் அடையாளம். ஈர மண் வாசனையும் பூஞ்சை வாசனையும் வேறு. செத்த டரான்டுலாவின் நாற்றம் கருவாட்டுக் கூடையை மூடி வைத்துத் திறந்த மாதிரி மூக்கில் ஏறும். வளை வாசலில் கூன் விழுந்த சின்ன ஈக்கள் விட்டுவிட்டு ஓடினாலோ, எறும்பு வரிசையாக உள்ளே போய் வந்தாலோ, தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டாலோ காத்திருக்க வேண்டாம். வெறுமனே மூன்று மாதம் ஆகிவிட்டது என்பது காரணமே இல்லை.

தோண்டுகிறபோது அறைக் கதவை மூடி, ஃபேனை நிறுத்தி, டப்பாவை ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்புக்குள் தரையில் வையுங்கள். கைக்கெட்டும் தூரத்தில் 1 லிட்டர் ஐஸ்கிரீம் டப்பா ஒன்று, மூடி தனியாக, நீளமான இடுக்கி, மெல்லிய பெயின்ட் பிரஷ், கையுறை, கண்ணுக்குப் போடும் பாதுகாப்புக் கண்ணாடி. வாசலிலிருந்து நேராக இறங்காதீர்கள். வளை எந்தப் பக்கம் போகிறது என்று ஊகித்து, அதற்கு எதிர் ஓரத்திலிருந்து மேசைக்கரண்டியால் மண்ணை அடுக்கடுக்காக எடுங்கள். வளைச் சுவர் தெரிந்ததும் கரண்டியைக் கீழே வைத்துப் பிரஷுக்கு மாறுங்கள். நூல் அடர்த்தியாகத் தெரிகிற இடத்தில் நிறுத்தி, சிவப்பு வெளிச்சத்தில் பாருங்கள். மல்லாந்து கிடந்தால் அப்படியே விட்டு, அந்தத் துளைமேல் ஓட்டுத் துண்டை வைத்து மூடுங்கள். உயிரோடு எழுந்து நின்றால் ஐஸ்கிரீம் டப்பாவை எதிரே சாய்த்து வைத்து, பின்காலைப் பிரஷால் மெல்லத் தொட்டால் தானாக உள்ளே போகும். எட்டிப் பார்க்காதீர்கள். அமெரிக்க இனங்கள் வயிற்று முடியைக் காற்றில் உதறும். அது கண்ணில் பட்டால் தேய்க்காமல் சுத்தத் தண்ணீரில் கழுவி, எழும்பூர் கண் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். ஆசிய இனம் கடித்தால் வீக்கமும் பல நாள் தசைப்பிடிப்பும் வரலாம். சோப்புப் போட்டுக் கழுவி, ஸ்டான்லி மாதிரி பெரிய ஆஸ்பத்திரியில் என்ன இனம் என்று சொல்லுங்கள். பாம்புக்கடி மருந்து இதற்கு வேலை செய்யாது.

இனத்தின் பெயர் இன்னொன்றுக்கும் தேவை. பிராக்கிபெல்மா (மெக்சிகோ ரெட் நீ இந்த வகை), போசிலோதீரியா இரண்டுமே, அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருப்பவை. 2022 வனவிலங்குத் திருத்தச் சட்டத்துக்குப் பின் சைட்டிஸ் பட்டியல் உயிரினத்தை வைத்திருப்பவர் அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். 2021ல் போலந்திலிருந்து வந்த ஒரு தபால் பார்சலில், வெள்ளித் தாளும் பஞ்சும் சுற்றிய குப்பிகளில் 107 உயிருள்ள சிலந்திகளைச் சென்னை சுங்கத்துறை பிடித்தது. அப்படி வருகிறவற்றை வாங்காதீர்கள், மலையிலிருந்து பிடித்து வந்ததையும் வாங்காதீர்கள்.

காத்திருந்தால் ஒரு காலை வாசல் திறந்திருக்கும். வெளியே இன்னொரு சிலந்தி செத்துக் கிடப்பது போல ஒன்று இருக்கும், பலர் அலறுவது அந்த நேரத்தில்தான். அது உரித்துப் போட்ட சட்டை. எடை இருக்காது, முதுகோடு மூடி மாதிரித் திறந்திருக்கும். இடுக்கியால் எடுத்து, தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரத் திரவம் விட்டு அரை மணி ஊறவையுங்கள், சுருங்கிய வயிற்றுத் தோல் விரியும். உள்பக்கத்தில் முன் ஜோடி நுரையீரல் தடம் வெள்ளையாகத் தெரியும். அவை இரண்டுக்கும் நடுவே சின்ன மடிப்போ பை போன்ற எழும்பலோ இருந்தால் பெண், தட்டையாக இருந்தால் பெரும்பாலும் ஆண். 10 மடங்கு லென்ஸ் இருந்தால் வசதி. உரித்தவுடன் நச்சுப்பல் வெள்ளையாக இருக்கும், பிறகு சிவந்து, கடைசியில் கறுக்கும். கறுக்கும்வரை தீனி கிடையாது. ஸ்லிங்குக்கு ஒரு வாரம், வளர்ந்ததற்கு இரண்டு மூன்று வாரம். தண்ணீர்க் கிண்ணம் மட்டும் முதல் நாளிலிருந்தே நிறைந்திருக்கட்டும். மாஸ்கிங் டேப்பில் பழைய தேதிகளுக்குக் கீழே இன்றைய தேதியை எழுதுங்கள்.